மூச்சு ஊட்டிய டாக்டர்

கோபன்ஹேகன் நகரம். டென்மார்க் நாட்டின் தலைநகர். 1952-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம்.

அந்த நகரில் பிளெக்டாம் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. தொற்று நோய்களுக்கென்றே ஏற்பட்ட ஆஸ்பத்திரி. அதன் வாசலில் ஆம்புலன்சு வண்டிகள் வந்தவண்ணம் இருந்தன. ஒரே நாளில் 50 பேர் வந்து சேர்ந்ததும் உண்டு. அவர்களில் பலர் சின்னஞ்சிறு பிள்ளைகள்.

வந்த நோய் இளம்பிள்ளை வாதம். போலியோ என்பதும் அதுதான்.

இந்த நோயின் பெயரைக் கேட்டால் நமக்குச் சூம்பிய காலும் ஊன்றுகோலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் கொடுமை காலோடு நிற்பதில்லை. போலியோ கிருமி முதுகுத் தண்டில் உள்ள நரம்பணுக்களை அழிக்கிறது. எந்த நரம்பு செத்ததோ, அந்த நரம்பு ஆட்டுவிக்கும் தசையும் செயலற்றுப் போகும். கால் நரம்பு போனால் கால் விழும். நெஞ்சை விரிக்கும் நரம்பு போனால் மூச்சு நிற்கும்.

கோபன்ஹேகனில் இதைவிடக் கொடியதும் நடந்தது. பலருக்குத் தொண்டைத் தசைகளும் செயலிழந்தன. எச்சிலைக் கூட விழுங்க முடியவில்லை. இருமித் துப்பவும் முடியவில்லை. வாயில் ஊறிய நீரும் கோழையும் நேரே நுரையீரலில் இறங்கின. தண்ணீரே இல்லாத இடத்தில் பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள்!

இரும்புப் பெட்டி

அந்தக் காலத்தில் மூச்சு நின்றவர்களுக்கு ஒரு கருவி இருந்தது. இரும்பு நுரையீரல் என்று அதைச் சொல்வார்கள். 1928-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. பிலிப் டிரிங்கர் என்பவர் அதை அமைத்தவர்களில் முக்கியமானவர்.

அது ஆளையே விழுங்கும் பெரிய பெட்டி. நோயாளியின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்றை எந்திரம் உறிஞ்சும். அப்போது நெஞ்சு தானாக விரியும். வெளிக்காற்று மூக்கு வழியாக உள்ளே போகும். எந்திரம் விட்டதும் நெஞ்சு அடங்கும். நெஞ்சில் மட்டும் கவசம் போலக் கட்டும் சிறு கருவியும் உண்டு.

பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் பெரிய பெட்டி ஒன்றே ஒன்று. கவசக் கருவிகள் ஆறு. நூற்றுக்கணக்கில் வந்த நோயாளிகளுக்கு இருந்தவை இவ்வளவுதான்.

இருந்த கருவிகளாலும் பலன் இல்லை. சுமார் மூன்று வாரத்தில் 31 பேருக்கு அவற்றைப் பொருத்தினார்கள். 27 பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலோர் மூன்று நாட்களுக்குள் போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் லாசன். தொற்று நோய் வைத்தியத்தில் பெயர் பெற்றவர். முந்தின ஆண்டுதான், 1951 செப்டம்பரில், உலகத்துப் போலியோ நிபுணர்கள் அதே கோபன்ஹேகனில் கூடி மாநாடு நடத்திவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் பேசிய எதுவும் இப்போது கைகொடுக்கவில்லை.

லாசனின் கீழ் பியோர்ன்போ என்ற டாக்டர் வேலை பார்த்தார். அவர் ஒரு பெயரைச் சொன்னார். லாசன் முதலில் தயங்கினார். ஏனென்றால் அவர் சொன்ன ஆள் தொற்று நோய் டாக்டர் அல்ல. ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கொடுப்பவர். வயது 36.

அவர்தான் பியோர்ன் இப்சன்.

யார் இந்த இப்சன்?

இப்சன் 1915-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி கோபன்ஹேகனில் பிறந்தார். அதே ஊர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1940-ல் டாக்டர் ஆனார். அந்த ஆண்டுதான் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கைப் பிடித்தன.

சில காலம் ஜட்லாந்து என்ற பகுதியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். சிறிய ஆஸ்பத்திரி என்றால் கதை தெரிந்ததுதானே! ஒரே டாக்டர் எல்லா வேலையும் பார்க்க வேண்டும். கத்தியும் பிடித்தார், எக்ஸ்ரேயும் பார்த்தார், பிரசவமும் பார்த்தார்.

மயக்க மருந்து கொடுப்பதைத் தனி வித்தையாக அந்த நாட்டில் அப்போது யாரும் மதிக்கவில்லை. ஒரு நர்சோ இளம் டாக்டரோ முகத்தில் ஈதரைச் சொட்டுவார்கள். அவ்வளவுதான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது பெரிய கலையாக வளர்ந்துவிட்டது என்று இப்சன் அறிந்தார். 1949-ல் குடும்பத்தோடு கப்பல் ஏறி பாஸ்டன் சென்றார். மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் பீச்சர் என்ற பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். 1950-ல் ஊர் திரும்பினார்.

அங்கே அவர் கற்றது என்ன? ஆபரேஷனின்போது நோயாளியின் தசைகளை மருந்தால் தளர்த்துவார்கள். அப்போது மூச்சும் நின்றுவிடும். உடனே மயக்க மருந்து டாக்டர் ஒரு ரப்பர் பையைக் கையில் எடுப்பார். பையை அமுக்கினால் காற்று நுரையீரலுக்குள் போகும். விட்டால் திரும்பி வரும். ஆபரேஷன் முடியும் வரை நோயாளிக்காக அவரே மூச்சு விடுவார்.

ஆபரேஷன் அறையில் தினமும் நடக்கிற காரியம் இது. ஆனால் அதை வெளியே கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. அந்த அறைக்கும் போலியோ வார்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான் என்றாலும், அந்தச் சுவரைத் தாண்டி ஒருவர் வித்தையை மற்றவர் பார்த்ததில்லை.

பியோர்ன்போ மட்டும் பார்த்திருந்தார். அதே ஆண்டில் ரண ஜன்னி கண்ட ஒரு பச்சைக் குழந்தைக்கு இப்சன் தசைகளைத் தளர்த்தி, கையாலேயே மூச்சு ஊட்டியதை அவர் அறிவார். அதனால்தான் இப்சனின் பெயரைச் சொன்னார்.

ரத்தம் சொன்ன சேதி

ஆகஸ்டு 25-ந் தேதி கூட்டம் கூடியது. இப்சன் நோயாளிகளைப் பார்த்தார். நோயேட்டுகளைப் படித்தார். இறந்துபோன நான்கு பேரின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது அவரும் கூட இருந்தார்.

நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையில் ஒரு புதிர் இருந்தது. ரத்தத்தில் காரத்தன்மை மிகுந்துவிட்டது என்று மற்ற டாக்டர்கள் எண்ணினார்கள். மூளையையே கிருமி தாக்கிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது பலருடைய எண்ணம்.

இப்சனுக்கு அப்படித் தோன்றவில்லை. வியர்த்துக் கொட்டுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. பிராணவாயு கொடுப்பதால் உடம்பு சிவந்துதான் இருக்கிறது. ஆனாலும் நோயாளி சாகிறான். இந்த அடையாளங்களை அவர் ஆபரேஷன் மேஜையில் பார்த்திருக்கிறார். மூச்சு போதாமல் கரியமில வாயு உடம்பிலேயே தங்கிவிட்டால் இப்படித்தான் ஆகும்!

நாம் மூச்சை உள்ளே இழுப்பது பிராணவாயுவுக்காக. வெளியே விடுவது கரியமில வாயுவைத் தள்ளுவதற்காக. இரண்டும் நடந்தால்தான் உயிர் நிற்கும். ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்தார்கள். கரியமில வாயு வெளியேற வழி செய்யவில்லை. நோய் குணமாகும் முன்பே மூச்சுப் போதாமல் நோயாளி செத்தான்.

இது சரி என்றால், மூச்சைச் சரியாக ஊட்டினால் நோயாளி பிழைக்க வேண்டும். செய்து காட்டு என்று ஒரு நோயாளியை ஒப்படைத்தார்கள்.

பன்னிரண்டு வயதுச் சிறுமி

அடுத்த ஓரிரு நாளில் அந்தச் சோதனை நடந்தது.

அவள் 12 வயதுச் சிறுமி. கை கால் நான்கும் விழுந்துவிட்டன. காய்ச்சல் கொதித்தது. கோழை நெஞ்சை அடைத்தது. மூச்சுக்குத் துடித்தாள். பிழைப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

குரல்வளைக்குக் கீழே தோலை மரத்துப்போகச் செய்து, மூச்சுக் குழாயில் ஒரு துளை போட்டார்கள். அதன் வழியே ஒரு ரப்பர் குழாயைச் செருகினார்கள். அந்தக் குழாயைச் சுற்றி ஒரு குட்டிக் காற்றுப்பை உண்டு. அதை ஊதினால் இடுக்கு அடைபடும். வாயிலிருந்து வழியும் நீர் நுரையீரலுக்கு இறங்காது. குழாயின் மறுமுனையில் இப்சனின் ரப்பர் பை.

இப்சன் பையை அமுக்கினார். காற்று போகவில்லை! சிறுமி திமிறினாள். அவளுடைய மூச்சுக் கிளைகள் இறுகிக் கொண்டன. நெஞ்சுக்குள் கோழை கொழகொழத்தது. நிலைமை நிமிஷத்துக்கு நிமிஷம் மோசமாயிற்று. பார்க்க வந்த டாக்டர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். இனி இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று போய்விட்டார்கள்.

அப்போது இப்சன் துணிந்து ஒரு காரியம் செய்தார். பெந்தோதால் என்ற மயக்க மருந்தை ஊசி வழியாகச் செலுத்தினார். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு மயக்க மருந்தா? அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மூச்சும் நின்றது. உடம்பு துவண்டது.

துவண்டதும் திமிறல் போயிற்று. நெஞ்சின் இறுக்கமும் போயிற்று. இப்சன் மறுபடியும் பையை அமுக்கினார். இந்த முறை நெஞ்சு உயர்ந்தது. விட்டார், தாழ்ந்தது. கோழையை உறிஞ்சி எடுத்தார். மறுபடி அமுக்கினார். சிறிது நேரத்தில் வியர்வை அடங்கியது. சருமம் உலர்ந்து வெதுவெதுப்பாயிற்று. சிறுமி உயிரோடு இருந்தாள்.

போன டாக்டர்கள் திரும்பி வந்தார்கள்.

இப்சன் அதோடு விடவில்லை. பையை எடுத்துவிட்டு, பழைய கவசக் கருவியைச் சிறுமிக்குப் பொருத்தினார். சிறிது நேரத்தில் பழைய அடையாளங்கள் எல்லாம் திரும்பின. மறுபடி பையைப் பிடித்தார். மறுபடி தெளிந்தாள். லாசன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய சந்தேகம் தீர்ந்தது. தம் கருத்தை மாற்றிக்கொள்ள அந்தப் பெரியவர் வெட்கப்படவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கைகள் எங்கே?

ஒரு பிள்ளைக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் பையை யார் அமுக்குவது?

நிமிஷத்துக்கு 20 முறை அமுக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,200 முறை. ஒரு நாளைக்கு 28,800 முறை. இரவு பகல் நிறுத்தக் கூடாது. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நிறுத்தக் கூடாது. அதுவும் ஒருவருக்கல்ல. ஒரு சமயம் 70 நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் மூச்சு ஊட்ட வேண்டியிருந்தது. டென்மார்க் முழுவதும் இருந்த மயக்க மருந்து டாக்டர்களைக் கூட்டினாலும் போதாது.

மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். பல் வைத்தியம் படிக்கும் மாணவர்களும் வந்தார்கள். ஒரு முறைக்கு ஆறு மணி அல்லது எட்டு மணி நேர வேலை. மொத்தம் சுமார் 1,500 மாணவர்கள் அந்தப் பணியில் ஈடுபட்டார்கள். அவர்கள் பையைப் பிடித்த நேரத்தைக் கூட்டினால் 1,65,000 மணி!

அவர்களுக்குக் கிடைத்த பாடம் மிகச் சுருக்கம். சில மணி நேரம் காட்டிக் கொடுப்பார்கள். பிறகு நோயாளியின் தலைமாட்டில் ஒரு நாற்காலி. கையில் பை.

பாடத்தின் பெரும்பகுதியைக் கைதான் கற்றுக்கொண்டது. பை இலேசாக அமுங்கினால் நுரையீரல் நன்றாக இருக்கிறது. முரண்டு பிடித்தால் குழாயில் கோழை அடைத்திருக்கிறது, உறிஞ்சு குழாயை விட வேண்டும். சட்டென்று பொசுக்கென அமுங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. முகம் வியர்த்தால் மூச்சு போதவில்லை. நெஞ்சின் இரு பக்கமும் ஒன்றாக உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். பையில் பாதி பிராணவாயு, பாதி நைட்ரஜன். வெளிவரும் கரியமில வாயுவை உறிஞ்ச ஒரு டப்பாவில் சோடாச் சுண்ணாம்பு. அது தீர்ந்ததும் மாற்ற வேண்டும்.

தொண்டையில் குழாய் இருப்பதால் நோயாளி பேச முடியாது. கண்ணால் பேசுவார்கள். உதட்டை அசைப்பார்கள். அதிகம் வேண்டும், மெதுவாக வேண்டும், கால் வலிக்கிறது, பயமாக இருக்கிறது எல்லாம் கண்ணிலேதான். மாணவர்கள் அந்தப் பாஷையையும் படித்தார்கள். ஒரு கையால் பையை அமுக்கிக்கொண்டு, மறு கையில் புத்தகத்தைப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டினார்கள்.

இரவு நேரம்தான் கொடுமை. நோயாளிகள் தூங்குவதற்காக விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் மாணவன் அமுக்கிக்கொண்டே இருப்பான். சில இரவுகளில் நோயாளியின் உயிர் போய்விட்டிருக்கும். பொழுது விடிந்து முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அதுவரை அவன் ஓர் உயிரற்ற நெஞ்சுக்கு மூச்சு ஊட்டிக்கொண்டிருந்திருப்பான். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய பாரம்! அப்படியும் மறுநாள் வந்தார்கள்.

வெளியூர்களிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவரவும் குழுக்கள் போயின. ஓடும் ஆம்புலன்சிலும் பையை அமுக்கிக்கொண்டே வந்தார்கள்.

கணக்கு

ஜூலை 24 முதல் டிசம்பர் 3 வரை அந்த ஒரு ஆஸ்பத்திரியில் 2,722 பேர் சேர்க்கப்பட்டார்கள். 866 பேருக்கு வாதம் கண்டது. 316 பேருக்குத் தொண்டைத் துளை, செயற்கைச் சுவாசம் போன்ற விசேஷ சிகிச்சை வேண்டியிருந்தது.

முதல் 31 பேரில் நூற்றுக்கு 87 பேர் வீதம் இறந்தார்கள் அல்லவா? கையால் மூச்சு ஊட்டும் முறை நிலைபெற்ற பிறகு அது சுமார் 40 ஆகக் குறைந்தது. போலியோவுக்கு அன்று மருந்து கிடையாது. ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி 1955-ல்தான் வந்தது. நோயை யாரும் குணப்படுத்தவில்லை. உடம்பு தானாகத் தேறும் வரை மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அதே ஆஸ்பத்திரியின் சோதனைச்சாலைத் தலைவர் போல் ஆஸ்ட்ரப். ரத்தத்தின் அமிலத்தன்மையை அளந்து, இப்சன் சொன்னது சரிதான் என்று காட்டியவர் அவர். ரத்தத்தை விரைவாக அளக்கப் பிறகு அவர் வகுத்த முறை உலகம் முழுவதும் பரவியது.

கையின் வேலையை எந்திரத்துக்குக் கொடுக்கவும் ஆட்கள் முனைந்தார்கள். சுவீடன் நாட்டில் கார்ல் குன்னார் எங்ஸ்ட்ரோம் என்ற டாக்டர், மாணவர் கை செய்ததைப் போலவே காற்றை உள்ளே தள்ளும் எந்திரத்தை அமைத்தார். 1953-ல் ஸ்டாக்ஹோம் நகரில் போலியோ பரவியபோது அது பெரிதும் உதவியது. இன்று வென்டிலேட்டர் என்று எல்லார் வாயிலும் வழங்கும் எந்திரம் அந்த வழியில் வந்ததுதான். 2020-ல் கொரோனா வந்தபோது வீட்டுக்கு வீடு அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. எந்திரம் வாங்கினால் மட்டும் போதாது, அதை நடத்தத் தெரிந்த டாக்டரும் நர்சும் வேண்டும் என்பதும் அப்போது தெரிந்தது. கோபன்ஹேகன் மாணவர்களுக்கு அது 1952-லேயே தெரியும்.

நர்சுகளின் வகுப்பறை

காய்ச்சல் ஓய்ந்தது. மாணவர்கள் படிக்கத் திரும்பினார்கள். இப்சனுக்கு ஒரு கேள்வி மிஞ்சியது. இவ்வளவு கவனிப்பு போலியோ நோயாளிக்கு மட்டும்தானா? விஷம் குடித்தவர், பெரிய ஆபரேஷன் ஆனவர், அடிபட்டு ரத்தம் இழந்தவர் என்று ஆஸ்பத்திரியின் மூலை முடுக்குகளில் எத்தனையோ பேர் மூச்சுப் போதாமல் சாகிறார்கள். அவர்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தால் என்ன?

கோபன்ஹேகன் நகராட்சி ஆஸ்பத்திரியில் அவர் மயக்க மருந்துப் பிரிவின் தலைவர் ஆனார். 1953 டிசம்பரில், பயிற்சி நர்சுகள் பாடம் படித்த ஒரு வகுப்பறையை வாங்கிக் கட்டில்களைப் போட்டார். இருபத்து நாலு மணி நேரமும் நர்சு அருகிலேயே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். எந்த நோய் என்பது கணக்கில்லை. உயிருக்கு ஆபத்தா? இங்கே கொண்டு வா. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, அதாவது ஐ.சி.யு.வுக்கு, அந்த வகுப்பறையே முன்னோடி என்று மருத்துவ வரலாறு எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள். அங்கு நடந்ததை இப்சனும் அவருடன் வேலை செய்த டாக்டர் குவிட்டிங்கனும் 1958-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார்கள்.

மூச்சு ஊட்டக் கற்றவருக்கு வேறொரு கவலையும் வந்தது. எந்திரம் ஓடும் வரை நெஞ்சு அசையும். ஆனால் ஆள் திரும்பி வரவே மாட்டான் என்று தெரிந்த பிறகு எதுவரை ஓட்டுவது? 1974-ல் ஒரு வானொலிப் பேட்டியில் இதைப் பற்றி அவர் ஒளிவுமறைவின்றிப் பேசினார். டென்மார்க்கில் பெரிய சர்ச்சை எழுந்தது. உயிரைக் காக்கப் பிறந்த வித்தையைச் சாவோடு சேர்த்துப் பேசலாமா என்று சிலர் சீறினார்கள். அந்த வார்டிலே இரவெல்லாம் நின்றவர் பேசாமல் வேறு யார் பேசுவது?

இப்சன் 2007-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 91.

அந்தச் சிறுமி என்ன ஆனாள்? அவள் கை கால்கள் திரும்பவில்லை. எந்திரத்தின் உதவியோடுதான் மூச்சு. ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் இருந்தாள். பிறகு தாயுடன் வீட்டில் வாழ்ந்தாள். 1971-ல் இறந்தாள். ஒரு நாள் கூடத் தாங்க மாட்டாள் என்று டாக்டர்கள் கைவிட்டுப் போன பிறகு அவள் வாழ்ந்தது ஏறக்குறைய 19 ஆண்டுகள்.

இப்சன் கட்டில் போட்ட நகராட்சி ஆஸ்பத்திரி 1999-ல் மூடப்பட்டது. கட்டடம் இடிபடவில்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொண்டது. அங்கே இப்போது மாணவர்கள் படிக்கிறார்கள்.